முப்பத்தொரு கிலோ நானூறு கிராம்

எடைக் கருவி நூற்று மூன்று புள்ளி நான்கு என்று காட்டியது.

கணக்கு வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்து பார்த்தார். எண் அப்படியே இருந்தது. போன மாதம் பள்ளி மருத்துவ முகாமில் அவர் எழுபத்திரண்டு கிலோ. மாதத்துக்கு முப்பது கிலோ ஏறுவது யானைக்குட்டிக்குத்தான் முடியும். அதையும் அவர் சஃபாரி விளம்பரப் புத்தகத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டிருந்தார்.

"ஆப்பிரிக்கா போறதுக்குள்ளயே நீர்யானை ஆயிட்டீங்க போல," என்றாள் மனைவி, துணி மடித்தபடியே.

இன்னும் மூன்று வாரம். கண்டத்தின் தெற்குக் கோடியில் பன்னிரண்டு நாள். மண் நிறச் சட்டைகள், கொசு மருந்து, சக்கரம் இல்லாத மூன்று மெத்தென்ற பைகள் என்று கூடம் முழுக்கப் பரப்பிக் கிடந்தது. கடைசிக் கட்டப் பயணம் பன்னிரண்டு பேர் உட்காரும் குட்டி விமானத்தில். மான்களை விரட்டிவிட்டுத்தான் மண் ஓடுபாதையில் இறங்கும் என்று கேட்டதிலிருந்து மகள் பள்ளியில் வேறு எதுவும் பேசுவதில்லை. அந்த விமானத்துக்காக ஒவ்வொருவரின் எடையையும் இன்று மாலைக்குள் எழுதி அனுப்ப வேண்டும்.

"வெக்கப்பட்டுக் குறைச்சு மட்டும் போட்டுடாதீங்க சார்," என்று பயண ஏற்பாட்டுக்காரப் பெண் காலையில் போனில் சொல்லியிருந்தாள். "பைலட் அதை வெச்சுத்தான் யார் எங்க உக்காரணும்னு முடிவு பண்ணுவார். இங்க மறைச்சா அங்க மேல போனப்புறம் தெரியும்."

மனைவி ஏறி நின்றாள். அறுபத்தொன்று. ஒன்பது வயது மகள் ஏறி நின்றாள். இருபத்தேழு புள்ளி எட்டு. ஐந்து கிலோ மாவுப் பாக்கெட்டை வைத்துப் பார்த்தார். நல்ல பிள்ளையாக ஐந்து காட்டியது. பேட்டரியை மாற்றிவிட்டு அவர் மீண்டும் ஏறினார். நூற்று மூன்று புள்ளி நான்கு.

கழிப்பது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. எழுபத்திரண்டு போக முப்பத்தொன்று புள்ளி நான்கு. விடையாக வந்த அந்த எண்ணை அவர் தன் கையாலேயே எழுதியிருக்கிறார், கோடு போட்ட ஒரு நோட்டில், கடைசிப் பக்கத்தில்.

அக்காவின் எடை அது.

அவரைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவள். அப்பா அம்மா அடுத்தடுத்துப் போன பிறகு துணிக்கடையில் பில் போட்டு அவரைப் படிக்க வைத்தவள். தனக்கென்று ஒரு குடும்பம் வேண்டும் என்ற பேச்சையே எடுக்காதவள். கடைசி மூன்று வருடம் தசையெல்லாம் சுருங்கி, நுரையீரலும் சோர்ந்து, இந்த நான்காவது மாடி வீட்டின் கோடி அறையில்தான் கிடந்தாள். மருந்தின் அளவு எடைக்கு ஏற்றபடி மாறும் என்பதால் வாராவாரம் அவளை நிறுத்துப் பார்க்க வேண்டும். அவளால் நிற்க முடியாது. அதற்குக் கணக்கு வாத்தியார் ஒரு வழி வைத்திருந்தார். கட்டிலருகே முதுகைக் காட்டிக் குந்துவார். "ஏறுக்கா" என்பார். அவள் இரண்டு மெலிந்த கைகளையும் அவர் கழுத்தில் கோத்துக்கொள்வாள். உப்புமூட்டையாகத் தூக்கிக்கொண்டு வந்து இதே கருவியில் ஏறி நின்று, வந்த எண்ணிலிருந்து தன்னைக் கழிப்பார். சின்ன வயதில் மழைத் தண்ணீர் தேங்கிய தெருவில் அவள் அவரை அப்படித்தான் பள்ளிக்குச் சுமந்து போனாள்.

"உன்னைக் கழிச்சாத்தான் நான் எவ்வளவுன்னே தெரியுது பாரு," என்று காதருகே சிரிப்பாள். மூச்சில் தைலம் மணக்கும்.

கடைசியாக நிறுத்தது எட்டு மாதத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். அன்று மாலை அவள் இல்லை.

படிவத்தில் அவர் எழுபத்திரண்டு என்று எழுதினார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. விளக்குப் போட்டும் கூடம் வெளுக்கவில்லை. மேஜைக்கு முன்னால் உட்கார்ந்தபோது சுழல் நாற்காலி ஒரு பெருமூச்சோடு நாலு விரற்கடை கீழே இறங்கியது. நிமிர்த்தி வைத்தார், மறுபடி இறங்கியது. சட்டைக் காலர் தொண்டையை அழுத்துகிறதே என்று மேல் பித்தானைக் கழற்றக் கை வைத்தால், அது ஏற்கெனவே திறந்துதான் கிடந்தது. முதுகு வலித்தது. இரண்டு வருடமாக எல்லாரிடமும் சொல்லி வந்த பொய் வலி இல்லை இது, நிஜ வலி, இடுப்பெலும்பில் யாரோ முழங்காலை ஊன்றியது போல. மழையின் மண் வாசனைக்கு அடியிலிருந்து, மெதுவாக, தைல வாசனை வந்தது.

மனைவி கோடி அறையிலிருந்து பழைய பை ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தாள். கையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டியும் இருந்தது. அக்காவின் கட்டிலருகே பொத்தானை அழுத்தினால் கூடத்தில் அடிக்கும் மணி அது.

"இது உங்க பழைய பையில கிடந்துச்சு. உள்ள பேட்டரியே இல்லையேங்க."

அவர் பெட்டியை வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"அன்னைக்கு அண்ணி உங்களைக் கூப்பிடவே இல்லையா? தூக்கத்துலயே போயிட்டாங்கன்னுதானே சொன்னீங்க."

அவள் கேட்டது சாதாரணமாகத்தான். சந்தேகம் என்று எதுவும் குரலில் இல்லை. அதுதான் அவரைக் கூனிக் குறுக வைத்தது.

அன்று மனைவியும் மகளும் நீச்சல் வகுப்புக்குப் போயிருந்தார்கள். கூடாரம் தேர்ந்தெடுக்க அந்த ஏற்பாட்டுக்காரப் பெண்ணோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். தண்ணீர்க் குட்டை ஓரமாக ஒரே ஒரு கூடாரம் மிச்சம் இருந்தது. மணி அடித்தது. போனார். அக்கா வாயைத் திறந்து திறந்து மூடினாள். "மூச்சு முட்டுதுடா தம்பி. கீழ கூட்டிட்டுப் போ. ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்." லிஃப்ட் ரிப்பேர். நாலு மாடி. "எனக்கு முதுகு வலிக்கா. பத்தே நிமிஷம், ஆளைக் கூப்பிடறேன்," என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார். காலையில்தான் அவளை முதுகில் சுமந்திருந்தார். மணி மறுபடி அடித்தது. பேட்டரியைக் கழற்றினார். பிறகு சுவரில் தட்டும் சத்தம் வந்தது, நகத்தால் தட்டுவது போல. காதில் மாட்டியிருந்த இயர்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டு, படுக்கையிலிருந்தபடியே சிறுத்தையைப் பார்க்க முடியுமா என்று கேட்டார். ஒரு மணி நேரம் இருபது நிமிடம் கழித்துப் போனபோது அக்கா கதவுக்குப் பின்னால் தரையில் கிடந்தாள். அங்கே வரை ஊர்ந்து வந்திருக்கிறாள். தூக்கிக் கட்டிலில் போட்டு, கழுத்து வரை போர்த்திவிட்டார். போர்த்தும்போது ஒரு நினைப்பு ஓடியது. அந்தப் பன்னிரண்டு நாளும் அக்காவை எங்கே விடுவது என்ற கவலை இனி இல்லை.

அந்த நினைப்புக்காகத்தான் அவர் இன்றைக்கும் குளியலறைக் கண்ணாடியில் தன் முகத்தைப் பார்க்காமல் சவரம் செய்கிறார்.

சொல்லிவிடலாம். மனைவி எதிரே நிற்கிறாள், மழைச் சத்தத்தில் மகளுக்குக் கேட்காது, ஒரே மூச்சில் சொல்லிவிட்டால் முடிந்தது. வாயைத் திறந்தார். கழுத்தைச் சுற்றியிருந்தது கொஞ்சம் தளர்ந்தது, கேட்பதற்குக் காத்திருப்பது போல. இடது காதுக்குப் பின்னால் ஈரமான ஒரு மூச்சு.

"இல்ல," என்றார். "கூப்பிடவே இல்ல. பேட்டரியை நான் அப்புறமாத்தான் எடுத்தேன்."

முதுகிலிருந்து ஏதோ இறங்கியது.

அவ்வளவு லேசாக. நாற்காலி தானாக மேலே எழும்பியது. வலி இல்லை, காலர் இறுக்கம் இல்லை. தைல வாசனை கூடத்தைக் கடந்து விலகிப்போனது.

"மருந்துக் கடை மூடறதுக்குள்ள மலேரியா மாத்திரை வாங்கிட்டு வந்துடறேன். லிஃப்ட் வேற காலையிலேர்ந்து படுத்துடுச்சு," என்று சலித்துக்கொண்டு மனைவி குடையோடு கிளம்பினாள். கதவை ஒருக்களித்து வைத்துவிட்டுப் போனாள்.

அவர் எடைக் கருவியில் ஏறினார். எழுபத்திரண்டு. புள்ளிக்குப் பிறகு பூஜ்யம். சிரிப்பு வந்தது. ஒரு பொய்க்கு இத்தனை நிம்மதியா என்று வெட்கமாகவும் இருந்தது, ஆனால் நிம்மதி பெரிதாக இருந்தது. படிவத்தில் எழுதியது இப்போது உண்மையே ஆகிவிட்டது. அனுப்பினார்.

கோடி அறையில் மகளின் குரல்.

"ம்... ம்... நல்லாப் பிடிச்சுக்கோங்க."

யாரிடம் பேசுகிறாள்?

"குட்டி?"

கட்டில் முனகியது. பிறகு காலடிச் சத்தம். ஒரு ஜோடிக் கால்தான். ஆனால் கனமாக. குழந்தை வைக்கிற அடி இல்லை அது.

மகள் வாசலில் தெரிந்தாள். முன்னால் வளைந்திருந்தாள். இரண்டு கைகளும் பின்னால் கோத்திருந்தன, எதையோ தாங்கிக்கொண்டு. நெற்றியில் வேர்வை. முகத்தில் பெருமை.

"அப்பா, என்னை இப்பப் பாருங்க."

கருவியில் ஏறி நின்றாள். கண்ணாடித் தட்டு கிரீச்சிட்டது.

ஐம்பத்தொன்பது புள்ளி இரண்டு.

அவர் கழிக்க விரும்பவில்லை. மனம் கழித்தது.

"இறக்கிடு," என்றார். கையை நீட்டினார். "கண்ணு, கீழ இறக்கிடும்மா."

"பாவம்பா அத்தை. மூச்சு முட்டுதாம். கீழ போகணுமாம்." மூச்சு வாங்கினாள். "பத்து நிமிஷம்னு சொல்லிட்டு நீங்க வரவே இல்லையாம்."

"அப்பா தூக்கறேன். அப்பாகிட்டக் குடு."

மகள் தலையைச் சாய்த்துத் தோளருகே எதையோ கேட்டாள்.

"உங்களுக்கு முதுகு வலியாம்பா."

நடந்தாள். கூடத்தைக் கடந்தாள். பைகளைச் சுற்றிக்கொண்டு போனாள். அவர் ஓடினார். ஓடியதாகத்தான் நினைத்தார். காதில் ஒரு சத்தம். சுவரில் நகம். தட்டி, தட்டி, தட்டி. கால்கள் எழவில்லை. மார்பு அடைத்தது. தரையில் முழங்கால் பட்டது. கைகளை ஊன்றி ஊர்ந்தார். கதவு வரை.

ஒருக்களித்த கதவை மகள் தோளால் தள்ளினாள். மாடிப்படி இருட்டு. மழைத்தண்ணீரில் வழுக்கும் படிகள், நாலு மாடி. கீழே எங்கோ குடையை உதறும் சத்தம்.

"அக்கா," என்றார். "அக்கா, கூப்பிட்ட. நீ என்னைக் கூப்பிட்ட. எனக்குக் கேட்டுச்சு."

சொல்லிவிட்டார். கேட்க வேண்டிய மனைவி இன்னும் படியேறி வந்து சேரவில்லை.

முதல் படியின் விளிம்பில் மகள் நின்றாள். முதுகுப் பக்கம் சட்டை கசங்கி உள்ளே அமுங்கியிருந்தது. கழுத்தில், அந்தச் சின்னத் தொண்டையைச் சுற்றி, இரண்டு மெலிந்த கைகள் கோத்த அளவுக்குத் தோல் பள்ளமாக இறங்கி வெளுத்திருந்தது. ஒரு காலைத் தூக்கி, கண்ணுக்குத் தெரியாத அடுத்த படியை விரல் நுனியால் இருட்டில் துழாவினாள்.