வகையில் அடங்காதது

மகளின் அறையில் இரண்டு பேர் இருப்பதாகத் திரை சொன்னது.

மதியம் மூன்று மணி. காய்ச்சலில் துவண்டு கிடந்த ஆறு வயது மகளுக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, அவள் கூடத்தில் கணினியோடு உட்கார்ந்திருந்தாள். வீட்டில் எந்த அறையில் யார் இருக்கிறார்கள் என்று கைபேசியில் காட்டும் செயலி ஒன்றை அவளுடைய நிறுவனம் செய்துகொண்டிருந்தது. சோதனைக்காக அவள் வீட்டிலேயே, அறைக்கூரைகளில், ஆள் இருப்பதை உணரும் கருவிகளை மாட்டியிருந்தார்கள். திரையில் அறைக்கு ஓர் அட்டை. அட்டைக்குள் என்னென்ன விவரம் வரலாம், ஒவ்வொன்றும் எந்த வகை, அதாவது எந்த டைப் என்று நிரலில் வரையறுத்து எழுதுவது அவள் வேலை. அறையின் பெயர் எழுத்தில் வர வேண்டும். ஆள் என்றால் பெரியவர் அல்லது குழந்தை. மூன்றாவதாக ஒன்றுக்கு இடமில்லை. டைப்பில் அடங்காதது எதுவும் வந்தால், நிரல் எழுதும் எடிட்டர் மென்பொருள் அதன் அடியில் சிவப்புக் கோடு இழுத்துவிடும்.

கருவிகள் அனுப்பிய பட்டியலில், மகளின் அறைக்கு நேரே, முதல் வரி: குழந்தை. இரண்டாம் வரி வெறுமையாக இருந்தது. அந்த வெறுமைக்கு அடியில் சிவப்புக் கோடு நெளிந்தது.

எழுந்து போய்ப் பார்த்தாள். ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருக்க, மகள் சுவர்ப் பக்கம் திரும்பிச் சுருண்டு கிடந்தாள். கட்டிலுக்கடியில் குனிந்தும் அலமாரியைத் திறந்தும் தேடியதில், ஈரத்துணியை நாள்கணக்காக மூடி வைத்தது போன்ற வாடை மூக்கில் ஏறியதே தவிர, ஈ காக்கை இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

குழுத்தலைவரைக் கூப்பிட்டாள். கருவிக் கோளாறாக இருக்கும் என்றார் அவர். ஐந்து மணிக்கு வாடிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டும் என்ற கவலை அவருக்கு.

"இப்போதைக்கு அந்த இடத்துல 'எனி'ன்னு போட்டு விடும்மா. எது வந்தாலும் ஏத்துக்கும்."

"அப்புறம் டைப் எதுக்கு சார்? கதவைத் திறந்து போட்டுட்டுப் பூட்டு வாங்குற மாதிரி."

"ரெண்டு மணி நேரம் திறந்து கிடந்தா குடி முழுகிடாது."

அரைமனதாக 'எனி' என்று அடித்தாள். கோடு மறைந்தது. அதே நொடியில், சாத்திய கதவுக்கு அப்பால் கட்டில் கிறீச்சிட்டது.

மனசு கேட்கவில்லை. அடித்ததை அழித்துவிட்டுப் பழையபடி பெரியவர், குழந்தை என்றே எழுதினாள். கோடு திரும்பி வந்தது.

மகளின் அறையில் இல்லை. கூடத்தில்.

பெரியவர் என்ற வரிக்குக் கீழே, ஒரு வெறும் வரி.

மழைச் சத்தம் எங்கோ தள்ளிப் போய்விட்டது. பின்னால் காலடி. வெறுங்கால். சின்னக் கால்.

"அம்மா."

மகளின் குரல். போன உயிர் திரும்பி வந்தது அவளுக்கு. எழுந்து வந்துவிட்டாயா கண்ணு என்று இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். குழந்தை அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. காய்ச்சல் விட்டிருந்தது. உடம்பு சில்லென்றிருந்தது. தலைமுடியில் அந்த வாடை.

மெல்லத் திரையைப் பார்த்தாள்.

மகளின் அறை: குழந்தை. ஒரே வரி. அடியில் கோடு இல்லை.

சாத்திய கதவு சாத்தியபடியே இருந்தது. அதற்கு அப்பாலிருந்து, தூக்கக் கலக்கத்தில், "அம்மா, தண்ணி" என்றாள் மகள்.

"போகாத" என்றது மடியில் இருந்தது, அதே குரலில்.