கிளிப்பச்சை

பேச்சி இளவரசியாகி மூன்று நிமிடம் ஆகியிருந்தது. அட்டையில் செய்த குகைச் சுவரை உள்ளங்கையால் தடவினாள். கை நனைந்துவிட்டதுபோல் முந்தானையில் துடைத்துக்கொண்டாள். அட்டையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

"அப்படியே... அப்படியே இரு," என்று கறுப்புத் திரைக்குப் பின்னாலிருந்து சுதன் முணுமுணுத்தான். அவனுடைய கேமரா நொடிக்கு ஒரு படம் எடுத்துக்கொண்டிருந்தது.

இயந்திரங்கள் வரைந்த தேவதைகளும் பறக்கும் அரண்மனைகளும் எல்லா விளம்பரச் சுவர்களையும் நிரப்பிய பிறகு, ஜனங்களுக்கு அவை சலித்துப்போயின. பொய்யான வியப்பை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டு நகர்ந்தார்கள். துணி விற்பவர்கள் தவித்தபோது வந்து சேர்ந்ததுதான் நம்பொளி. கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் துடிக்கும் விளக்கு அது. ஏழு வயதுக்குள் ஒருவர் கேட்ட கதையை அவருடைய மூளையில் எழுப்பிவிடும். பத்து நிமிடத்துக்கு அந்தக் கதைதான் உலகம். எதிரே இருக்கும் அட்டையும் துணியும் மனிதர்களும் அதற்குள் போய்விடுவார்கள். முகத்தில் வருவது நடிப்பல்ல. நிஜமான வியப்பு, நிஜமான பயம். அந்த முகங்களுக்காகவே ஜனங்கள் மீண்டும் நின்று பார்த்தார்கள்.

விளக்கை இயக்கும் உரிமம் வஞ்சிக்கொடியிடம் இருந்தது. அவளுக்கு இரண்டே விதிகள். ஒளி எரியும்போது மாடலைத் தவிர எல்லோரும் அதன் துடிப்பைத் தடுக்கும் மறுப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். மாடலின் கண்ணில் யாரும் படக்கூடாது. இதுவரை நாற்பது படப்பிடிப்புகள். கடல்கன்னிகள், பாம்பு ராணிகள், பூவிலிருந்து பிறந்த பெண்கள். ஒரு கீறல்கூட யாருக்கும் பட்டதில்லை.

அன்று கிளிப்பச்சைப் பட்டுக்கான படம். அரக்கன் சிறைவைத்த இளவரசியின் கதை. பேச்சி திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், இருபத்திரண்டு வயது. சின்ன வயதில் தினமும் கேட்ட கதை என்று சொல்லியிருந்தாள். கூண்டுக்குள் பச்சைத் துணியில் தைத்த கிளி ஒன்றை வைத்திருந்தார்கள், புடவையின் நிறத்துக்குப் பொருத்தமாக.

"கண்ணாடி வழியா பார்த்தா பச்சையே சாம்பலாத் தெரியுது வஞ்சி," என்றான் சுதன்.

"விளக்கு அணைஞ்சதும் பார்த்துக்கலாம்."

"அப்ப இந்த முகம் இருக்காதே. ரெண்டே செகண்டு."

வஞ்சி திரும்புவதற்குள் அவன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திரையை விட்டு வெளியே வந்திருந்தான்.

"சுதன், போடு! கண்ணாடியப் போடு!"

பேச்சி அவனைப் பார்த்தாள். அவள் தொண்டையிலிருந்து வந்த அலறலை வஞ்சி அதற்குமுன் எந்த மனிதரிடமும் கேட்டதில்லை. பேச்சி சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். "வந்துட்டான்! அரக்கன் வந்துட்டான்!"

சுதன் நின்றான். நல்லவன், விளக்குத் தூக்குபவர்களைக்கூட "வாங்க, போங்க" என்று அழைப்பவன். அவனும் அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்தவன்தான் என்பது வஞ்சிக்கு அந்த நொடியில் உறைத்தது. அவன் தோள்கள் மெல்ல அகன்றன. தலையைப் பின்னுக்குச் சாய்த்துச் சிரித்தான். கூரைத் தகடு அதிரும் சிரிப்பு.

"என்னைக் கொல்லவா பார்க்கிற?" குரல் அவனுடையது இல்லை. "ஏழு மலை, ஏழு கடல் தாண்டி எவன் வந்தாலும் முடியாது. என் உயிர் என்கிட்ட இல்ல. அதோ, அந்தக் கிளிக்குள்ள இருக்கு."

அவனே கையை நீட்டிக் காட்டினான்.

வஞ்சி மேடைக்கு மறுபக்கம் இருந்த விசையை நோக்கி ஓடினாள். பத்தடி தூரம்தான். கதையில் இளவரசனுக்காகக் காத்திருப்பாள் இளவரசி. பேச்சி காத்திருக்கவில்லை. கூண்டைத் திறந்து கிளியை எடுத்தாள், இரண்டு கைகளாலும் அதன் கழுத்தைத் திருகினாள். தையல் பிரிந்து பஞ்சு வெளியே வந்தது.

சுதன் தன் கழுத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலில் விழுந்தான். பிறகு முகம் குப்புற.

விளக்கு அணைந்தது. வஞ்சி அவனைப் புரட்டி நெஞ்சை அழுத்தினாள். அழுத்திக்கொண்டே இருந்தாள். ஆம்புலன்ஸ்காரர்கள் வந்து அவளை விலக்கும்வரை.

"இதயம் நின்னுடுச்சு," என்றார் மருத்துவர். "ஏன்னுதான் தெரியல. கழுத்துல ஒரு விரல் தடம்கூட இல்லை." போலீஸ் மூன்று நாள் விசாரித்தது. அவனை யாரும் தொடவில்லை. துணிக்கிளியைக் கிழித்ததற்கு எந்தச் சட்டத்திலும் தண்டனை இல்லை. வஞ்சியின் உரிமம் ரத்தாகும் என்று கடிதம் வந்தது. எந்தத் தேதியிலிருந்து என்பது அதில் இல்லை.

பதினோராம் நாள் காலை, பேருந்தில் போய்க்கொண்டிருந்த வஞ்சி மேம்பாலத்தருகே அந்தப் படத்தைக் கண்டு எழுந்து நின்றுவிட்டாள். நான்கு மாடி உயரத்துக்குப் பேச்சி. கிளிப்பச்சைப் பட்டு, அவிழ்ந்த கூந்தல், கண்களில் நீர் தளும்பும் பேரானந்தம். விடுதலையான பெண்ணின் முகம். ஆளில்லாமல் நின்ற கேமரா நொடிக்கொன்றாக எடுத்தவற்றில் ஒன்று. எந்த நொடி என்று அவளுக்குத் தெரியும்.

"எவ்வளவு நிஜமா இருக்கு பாருடி," என்றாள் முன் இருக்கைப் பெண் தன் தோழியிடம். "பார்த்தாலே எனக்கு அழுகையா வருது."

வஞ்சி பட்டு நிறுவனத்துக்குப் போன் செய்து கத்தினாள். "படத்துல அவர் இல்லையே மேடம்," என்றது மறுமுனை, பொறுமையாக.

அன்று மதியமே பேச்சி படப்பிடிப்புக் கூடத்துக்கு வந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"அக்கா, எனக்கு அழுகை வரல."

"அதிர்ச்சிம்மா. கொஞ்ச நாள் போகட்டும்."

"அதில்லக்கா. எல்லாம் ஞாபகம் இருக்கு. அவரு எனக்கு எவ்வளவு செஞ்சாரு, என்னால செத்தாரு, எல்லாம் தெரியுது. ஆனா அந்த நிமிஷத்த நெனச்சா நெஞ்சுக்குள்ள சந்தோசமா இருக்குக்கா. திருவிழா மாதிரி. போவமாட்டேங்கு. அவரு பொஞ்சாதிய பாக்கப் போனேன். அவங்க அழுதாங்க. எனக்குச் சிரிப்பு வந்துச்சு. வாயப் பொத்திக்கிட்டு ஓடியாந்துட்டேன்."

ஒளி அணைந்தால் கதை போய்விடும் என்றுதான் எல்லோரும் எழுதிவைத்திருந்தார்கள். கதை போய்விட்டது. கதையின் மகிழ்ச்சி இவளுக்குள்ளேயே தங்கிவிட்டது.

"இன்னொரு தடவை விளக்கப் போடுங்க," என்றாள் பேச்சி. "இந்தத் தடவை நான் இளவரசி இல்ல. அரக்கனுக்கு மகளோ, பொஞ்சாதியோ. அவன் செத்ததுக்கு அழுவுதவ. ஒரே ஒரு மட்டம் அழுதுட்டேன்னா சரியாயிரும்."

கூடாது என்று வஞ்சிக்குத் தெரியும். கதவைத் தாழிட்டாள். கண்ணாடியை அணிந்துகொண்டாள். பேச்சியைத் தரையில் உட்காரவைத்து, எதிரே ஒரு கறுப்புத் துணியை ஆள் படுத்திருப்பதுபோல் விரித்து, அவள் கண்ணில் படாமல் ஓரமாக நின்று விசையைத் தட்டினாள்.

ஒரு நிமிடம். இரண்டு நிமிடம். பேச்சி துணியையே பார்த்தாள். பிறகு அதற்கு அப்பால் எதையோ தேடினாள்.

"அரக்கன் செத்துட்டான் பேச்சி," என்றாள் வஞ்சி மெதுவாக. "அவனுக்காக யாரு அழுவுறா? பாரு."

"யாருமில்ல." அது ஐந்து வயதுக் குழந்தையின் குரல்.

"நல்லாப் பாரு."

"யாருமில்லக்கா. அம்மா கதைய அங்கனயே முடிச்சிட்டா." பேச்சியின் முகம் மலர்ந்தது. "நாங்க எல்லாரும் கைதட்டுனோம்."

அவள் கைதட்டத் தொடங்கினாள். வஞ்சி விசையை அணைத்தாள். விளக்கை நிமிர்ந்து பார்த்தாள், அணைந்துதான் இருந்தது. பேச்சியின் கண்களில் திகில் ஏறியது. தன் கைகளைத் தானே பார்த்துக்கொண்டிருந்தாள். கைகள் தட்டிக்கொண்டே இருந்தன.