வக்கீலம்மாவின் அறைக்கு வெளியே

கண்களைப் பார்ப்பதுதான் அவள் வேலை. மூக்குக்கண்ணாடிக் கடையில் எத்தனையோ பேரின் கண்களைச் சோதித்திருக்கிறாள். எந்தக் கண்ணும் அவளைத் திருப்பிச் சோதித்ததில்லை... அன்றுவரை.

மழை கொட்டிக்கொண்டிருந்தது. சொட்டச் சொட்ட மாடியேறியவள், வக்கீலம்மாவின் அறைக்கு வெளியே கிடந்த இரண்டு நாற்காலிகளில் ஒன்றில் உட்கார்ந்தாள். மற்றதில் ஒருவன் இருந்தான்.

மூன்று நாளாக அலைச்சல். சாலையைக் கடந்த அப்பாவை ஒரு கார் இடித்துத் தள்ளிவிட்டது. கால் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பேக்கரி அடுப்பின் முன்னால் நின்றே பிழைத்த மனிதர். இனி எப்போது நிற்பாரோ! ஒரு வக்கீல் போனையே எடுக்கவில்லை. இன்னொருவர் அடுத்த மாதம் வரச் சொன்னார். கடைக்கு வந்த ஓர் அம்மாள்தான், "விபத்து கேஸ் மட்டும் பாக்கறவங்க நம்ம தெருமுனையிலயே ஒருத்தங்க இருக்காங்கம்மா. கறாரானவங்க" என்று வழிகாட்டினாள்.

"துடைச்சுக்கங்க..." அவன் கைக்குட்டையை நீட்டினான். ஓரமெல்லாம் கறுப்பு மசி.

"துடைச்சா இன்னும் அழுக்காயிடுவேன் போலிருக்கே!"

"லிஃப்ட் மெக்கானிக்குங்க நான். என்கிட்ட இருக்கறதுலயே இதுதான் சுத்தம்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மூன்று நாளில் முதல் சிரிப்பு.

"அப்போ, மாட்டிக்கிட்டவங்களை வெளியில எடுக்கறவரா?"

"ஆமா. இன்னிக்கு நானே மாட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன்..."

அப்போதுதான் அந்தக் கண்களைப் பார்த்தாள். தூங்காத கண்கள். மழைக்கு முந்தைய வானம் மாதிரி, எதையோ சொல்லத் தவித்துக்கொண்டு... அவள் பார்வையை விலக்க மறந்துபோனாள்.

கதவு திறந்தது. "எந்த விபத்து? எங்க, எப்போன்னு மட்டும் சொல்லுங்க" என்றார் வக்கீலம்மா.

"திங்கக்கிழமை சாயங்காலம், நூலகத்துக்கு எதிர்ல..."

இரண்டு குரல்கள் ஒன்றாக வந்தன. அவள் முகம் வெளுத்தது.

"நீங்களா... அந்தக் காரு?"

அவன் தலை குனிந்தான்.

"ஒரு விபத்துல ரெண்டு பக்கமும் நான் நிக்க முடியாது. முதல்ல வந்தது யாரு?"

"நான்தான் மேடம். ஆனா இவங்க கேஸை எடுத்துக்கங்க."

"உங்க தயவு எங்களுக்கு வேண்டாம்!" அவள் குரல் உடைந்தது. "எங்கப்பாவைப் படுக்கையில தள்ளிட்டு, என்னைச் சிரிக்க வேற வெச்சீங்களே..."

அவன் எழுந்தான். மழையில் இறங்கி நடந்தான்.

அன்றே வக்கீலம்மா அவள் வழக்கை எடுத்துக்கொண்டார். இரண்டு மாதம் கழித்து அவளைக் கூப்பிட்டு ஒரு காகிதத்தைக் காட்டினார். கோர்ட்டுக்கு அவன் கைப்பட எழுதிக் கொடுத்தது: 'ஒரு நொடி போனைப் பார்த்தேன். தப்பு என்னுடையது. பெரியவர் சரியாகத்தான் கடந்தார்.'

"பெரியவர்தான் குறுக்க வந்தார்னு சொல்லச் சொல்லி ஆளாளுக்கு யோசனை சொல்லியிருக்காங்க. பையன் கேக்கல. இல்லேன்னா இந்தக் கேஸ் வருஷக்கணக்கா இழுத்திருக்கும்மா."

வழக்கு முடிந்தது. ஊன்றுகோலோடு நடக்கத் தொடங்கிய அப்பாவிடம் காகிதத்தில் இருந்ததைச் சொன்னாள். அவர் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்தார். பிறகு, "அவனை வரச் சொல்லு. நேர்ல நாலு வார்த்தை திட்டினாத்தான் என் மனசு ஆறும்" என்றார்.

வழக்குக் காகிதத்தில் இருந்த அவன் முகவரி அவளுக்கு எப்போதோ மனப்பாடம். அதை மட்டும் அப்பாவிடம் சொல்லவில்லை.

பட்டறையில் பல்சக்கரங்களுக்கு நடுவே நின்றவன், அவளைக் கண்டதும் கையைத் துடைக்கக்கூட மறந்தான்.

"அப்பா உங்களைத் திட்டணுமாம். கூப்பிட்டார்."

"வர்றேங்க. எவ்வளவு திட்டினாலும் கேட்டுக்கறேன்."

"கேட்டுட்டு..." அவள் தரையைப் பார்த்தாள். "உடனே கிளம்பிடக் கூடாது."

"ஏன்?"

கண்களைப் பார்த்தே பிழைப்பவளுக்கு, அந்த ஒரு ஜோடிக் கண்களை நிமிர்ந்து பார்க்க அத்தனை தைரியம் வேண்டியிருந்தது.

"திட்டறது அவர் முறை. அதுக்கப்புறம் என் முறை... உங்களைப் பிடிச்சிருக்குன்னு நான் சொல்ல வேண்டாமா?"