நாலு பேர் உட்காரும் பலகை

மழை சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்துகொண்டிருந்த பிரிஸ்கில்லா, துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு, பாதி கட்டி நின்ற ஒரு கட்டிடத்துக்குள் ஓடினாள். உள்ளே ஒருவன் குத்துக்காலிட்டுத் தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டிருந்தான். எட்டுக் கட்டம். மேலே ‘சௌனா ரூம்’ என்று எழுதியிருந்தது.

பாவம், சிரிப்பை அடக்கத்தான் பார்த்தாள்... முடியவில்லை.

“இன்னாங்க சிரிப்பு? ஜிம் கட்றேன். இது வேத்து ஊத்த வெக்கிற ரூமு. எட்டு பேரு உக்கார்லாம்.”

“ஷேர் ஆட்டோ மாதிரியா?” என்றாள். “சூட்டுல ஒட்டிக்கினு உக்காந்தா மயக்கம் வந்துடும். ஆளுக்கு ரெண்டடி பலகை வேணும். இந்த ரூமுக்கு நாலு பேருதான். கால் மணிக்கு ஒரு செட்டு மாறினா, மணிக்குப் பதினாறு பேரு... போதாதா?”

சென்னையில் சௌனா அறை அமைத்துத் தரும் கம்பெனியில் பிளான் போடுவதுதான் அவள் வேலை. அது தெரிந்ததும் கட்டம் போட்ட ஜெகன் அசடு வழிந்தான். இமையில் மழைத்துளி நின்ற அந்தக் கண்களைப் பார்த்தவனுக்கு, கையிலிருந்த சாக்பீஸ் விழுந்ததுகூடத் தெரியவில்லை.

அப்புறம் நாலு ஞாயிறு, ஊருக்கு வரும்போதெல்லாம் பிளானோடு வந்தாள். பிளான் முதல் ஞாயிறே முடிந்துவிட்டது என்பது இருவருக்கும் தெரியும். ஆசை வெட்கமறியாது என்பார்கள். இவர்கள் ஆசைக்கு வெட்கம்தான் ஜாஸ்தி.

ஐந்தாவது ஞாயிறு ஜெகனின் அப்பா கன்னியப்பன் வந்து பிளானைப் பார்த்தார்.

“நடுவுல செவுரு வெச்சு ரெண்டாக்குடா. நம்ம ஆளுங்க, காலனி ஆளுங்களோட ஒரே பலகைல வேத்துக்கினு உக்காருவாங்களா?”

பிரிஸ்கில்லா ஜெகனைப் பார்த்தாள். ஒரு வார்த்தை சொல்லிவிடு... ஒன்றே ஒன்று. அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“நானும் காலனிதாங்க,” என்றாள் கன்னியப்பனிடம். “செவுரு வெக்கிற பிளான் நான் போடமாட்டேன்.”

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள். கன்னியப்பனைப் போல எத்தனையோ பேரைப் பார்த்தாயிற்று. வாயடைத்து நின்றவனைத்தான் அவளால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு, காலனியில் அவள் வீட்டு வாசலில் ஜெகனின் பைக் வந்து நின்றது.

“செவுரு இல்ல. நாலு பேருக்கும் ஒரே பலகைதான். நைனாகிட்ட மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டேன். அதுலேர்ந்து அவரு எங்கூட பேசறதில்ல... அன்னிக்கே சொல்லிருக்கணும். பயந்துட்டேன். தப்புதான்.” பைக்கிலிருந்து இறங்கினான். “உங்கப்பா வூட்ல கீறாரா? பொண்ணு கேக்கணும்.”

“மொதல்ல என்கிட்ட கேளுங்க.”

அவன் குரல் இறங்கிப்போனது. “உனுக்கு... என்னெப் புடிச்சிருக்கா?”

“புடிக்காதவனுக்காக,” கண்ணைத் துடைத்துக்கொண்டாள், “யாராவது மெட்ராஸ் வரைக்கும் அழுதுக்கினே போவாங்களா?”