துடக்கு வீட்டுப் பூ

1977 பெப்ரவரி 3, வியாழன், மாலை 4.10. கடல் கடந்த மல்கிரேவ் புறநகரில் ஆனந்தராஜா வீட்டுச் சுவாமி அறை. பிள்ளையார் படத்தடியில் காய்ந்த பூக்கள், அவற்றின் மேல் சிவப்பாக விரிந்த ஒரு செவ்வரத்தம்பூ, செம்பருத்தி. அங்கே வைத்திருந்த படிவத்தைத்தான் காணவில்லை.

ஆனந்தராஜாவின் தமையன் யாழ்ப்பாணத்தில் இறந்ததாகத் திங்கட்கிழமை தந்தி வந்தது. அன்றிலிருந்து வீட்டில் துடக்கு, சாவுத் தீட்டு. குடும்பத்தார் எவரும் அந்த அறைக்குள் போவதில்லை. படிவத்தை எடுத்துத் தரத்தான் நண்பர் சிவமணியை அழைத்தார்கள். கொழும்பில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர், இங்கே டிராம் கண்டக்டர். வேலை மாறினாலும் மூக்கு மாறவில்லை.

"அஞ்சு மணித் தபாலைத் தவறவிட்டா எல்லாம் முடிஞ்சுது, அங்கிள்," என்றாள் மகள் கிரிஜா. பதினெட்டு வயது, எண்ணூறு மீட்டர் ஓட்டக்காரி. அமெரிக்காவின் பெரிய பல்கலைக்கழகம் ஒன்று அவளை அழைத்திருந்தது.

"ஓடுறதுக்குக் காசு தருவினமோ?"

"இல்லை. ஓட்டம் இடம் கிடைக்கத்தான் உதவும். காசு, வீட்டு வருமானத்தைப் பார்த்துத்தான். அப்பா கையெழுத்து வைச்ச படிவம் அது."

சிவமணி திரும்பினார். ஆனந்தராஜா ஊரில் எஞ்சினியர். இங்கே தொழிற்சாலையில் கூலி. அது வெளியே தெரிவதில் அவருக்கு வெட்கம்.

"நீர் எடுத்தனீரோ?"

"என்ர பிள்ளையின்ர வாழ்க்கை. நான் எடுப்பனோ?"

"வாசல் சாவி?"

"எனக்கு, மனுசிக்கு, பிள்ளைக்கு, பாஸ்கருக்கு."

பாஸ்கர் வாடகைக்கு இருக்கும் கோயம்புத்தூர் மாணவன். "நான் காலையிலயே லைப்ரரி போயிட்டேன் சார்," என்றான்.

சிவமணி செவ்வரத்தையை எடுத்துக் காட்டினார்.

"இது ஒரு நாள் பூ. இண்டைக்கு ஆரோ வைச்சது. துடக்குக்காரர் களவெடுக்க வந்தாலும் சாமிக்குப் பூ வைக்கமாட்டினம். இந்த வீட்டில துடக்கில்லாத ஆள் ஒராள்தான். எடுத்ததுக்கு மன்னிப்புக் கேட்டு வைச்சதோ, தம்பி?"

பாஸ்கர் போய்த் தன் பெட்டியிலிருந்து படிவத்தைக் கொண்டுவந்தான். கசங்கக்கூட இல்லை.

"கிழிக்க மனசு வரல. நாலு வருஷம் உங்களைப் பார்க்காம இருக்கணுமேன்னு நினைச்சேன், கிரிஜா."

ஒரு வருடமாக அப்படி ஒரு சொல்லுக்குத்தான் அவளும் ஏங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"களவெடுக்காமல் நேற்றே வாய் திறந்து கேட்டிருந்தா, போகாமல் நிண்டிருப்பன்."

மணி 4.40. தபால் கந்தோர் ஒன்றரை மைல். படிவத்தை வாங்கிக்கொண்டு கிரிஜா ஓடினாள். தெருமுனை வரை பாஸ்கர் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.