கம்பியின் மறுமுனை

முள் ஏற மறுத்தது. வேலப்பன் மெக்கர்ப் பெட்டியின் கைப்பிடியை இன்னும் விரைவாகச் சுற்றினான்.

ஆயுதபூசைக்கு ஆலை ஓய்ந்திருந்தது. மின்சாரத்தை நிறுத்திக் கம்பிகளைக் கழற்றி அவற்றின் மின்காப்பு உறை கெடாதிருக்கிறதா என்று இந்தப் பெட்டியால் சோதிக்க ஆண்டில் அந்த ஒரு நாளே வாய்க்கும். பழுதைத் தவறவிட்டால், சென்ற ஆண்டு உடன் வேலை செய்த தாமோதரனுக்கு நேர்ந்தது நாளை இன்னொருவனுக்கு நேரும். முற்றத்தின் கோடியிலுள்ள பம்பு அறையில் இதே கம்பியின் மறுமுனையைப் பற்றியபடி மாண்டவனின் விரல்களைப் பிரிக்க மூவர் வேண்டியிருந்தது. திருவொற்றியூர்க் கடல் மதிலுக்கு அப்பால் புரள, சாம்பிராணியும் ஈர ரப்பரும் கலந்த மணம் அறையில் தேங்கிக் கிடக்க, இயந்திர இரைச்சலில் என்றும் அமிழ்ந்திருக்கும் சிற்றொலிகள், தகரத்தில் விழும் மழைத்துளியும் கைப்பிடியின் கரகரப்பும், ஒவ்வொன்றாய் வெளிவந்து அவனைச் சூழ்ந்தன.

நல்ல கம்பியானால் முள் உச்சிக்கு ஏறும். கெட்டதானால் சுழியத்தில் செத்து விழும். இதுவோ சுழியத்துக்குச் சற்று மேலே நின்று நடுங்கியது.

அந்த நடுக்கத்தை அவன் அறிவான். முன்பொருநாள் விளையாட்டாக, உடன் வேலை செய்யும் மஜீதின் கையில் கம்பியைக் கொடுத்துச் சுற்றியபோது முள் இப்படித்தான் நடுங்கிற்று.

“இன்னா மாமு, பூஜ போட்ட பொட்டியச் சுத்திகினு கீற? இன்னிக்கு அதுக்கு லீவு,” என்றான் மஜீது, பொரியை மென்றபடி.

“அந்த முனைய யாரோ புடிச்சிகினு கீறாங்கடா.”

“பம்பு ரூமு பூட்டிக் கீது, சாவி என்னாண்ட கீது. காலைல எவனாச்சும் கம்பில பூ சுத்திட்டுப் போயிருப்பான், ஈரம். அவுத்துட்டுக் குழாயில ஒரு தட்டு தட்றேன், அப்பால சுத்து. வூட்ல என் பொஞ்சாதி ரஹீமுன்னிசா பிரியாணி வச்சிருக்கா. அத்தத் துன்னாம நான் மௌத்தாவ மாட்டேன்.”

மழையில் அவன் செருப்போசை தேய்ந்து மறைந்தது.

நீர்க்குழாயில் ஒரு தட்டு.

வேலப்பன் சுற்றினான். முள் எழுந்தது, தயங்காது ஏறி, அளவிறந்ததைச் சுட்டும் குறியில் போய் நின்றது. ஒற்றியூர் இறைவன் பெயர் அவனையறியாமல் நாவில் வந்தது. கம்பியில் பழுதில்லை. நாளை எவனும் மாள மாட்டான்.

நெஞ்சு குளிர்ந்து சாளரத்தின் வழியே நோக்கினான்.

முற்றத்தின் கோடியில், மழையில் குனிந்து, மஜீது அப்போதுதான் பூட்டில் சாவியை நுழைத்துக்கொண்டிருந்தான்.

முள் இறங்கிற்று. மெல்ல. அதே இடம். அதே நடுக்கம்.

கூவினான். மழை குரலை விழுங்கிற்று. கைப்பிடியை விட முயன்றான். விரல்கள் பிரியவில்லை. கை சுற்றிக்கொண்டே இருந்தது.

கதவு திறந்தது. மஜீது உள்ளே போனான். கதவு சாத்திக்கொண்டது. சாவி வெளியே ஆடியது.

முள் இன்னும் சற்றே தாழ்ந்தது.

இப்போது இரண்டு நடுக்கங்கள். ஒன்று நிதானமாக. மற்றொன்று, புதியது, படபடத்து. பார்த்துக்கொண்டே இருந்தான். படபடப்பு தளர்ந்தது. தளர்ந்து, தளர்ந்து, மற்றதன் நிதானத்தோடு ஒன்றிப்போயிற்று.

குழாயில் ஒரு தட்டு.

அவன் கை சுற்றியது.

இன்னொரு தட்டு.