திருத்தப்பட்ட குருவிகள்

இந்தப் பருவத்திலும் இமயத்திலிருந்து வலசை வரும் கதிர்க்குருவிகள் ஒன்றுகூடத் தவறாமல் கோடியக்கரைக்கு வந்து இறங்கின. உப்பு ஏறிக் காடு கருகியிருந்தது. பூச்சி இல்லை. காலை தோறும் பறவை ஆய்வாளர் கவின்மொழி செத்த குருவிகளைக் குனிந்து பொறுக்கினாள்.

எந்தப் பக்கம் பறப்பது என்பது குருவிக்குப் பிறவியிலேயே உண்டு. நூற்றில் இரண்டு மூன்று மட்டும் வேறு திசையோடு பிறந்து, பாலையிலோ கடலிலோ விழுந்து சாகும். அதைத் தாங்க முடியாமல்தான் அவள் திசைத்திருத்தியைச் செய்தாள். இமயத்துக் கூடுகள் மேல் பறந்து, முட்டைக்குள்ளேயே மரபணுவைத் திருத்திவிடும் சிறு கருவி. பத்தொன்பது ஆண்டுகளில் வழிதவறும் குருவி என்று ஒன்றுமே இல்லாமல் போயிற்று.

அன்று பழைய பதிவுகளைப் புரட்டினாள். கருவி எல்லாக் கூடுகளையும் எட்டாத ஆரம்ப ஆண்டுகளில், சற்றே மேற்காக, கொல்லிமலைப் பக்கம் திரும்பிய குஞ்சுகள் வருடத்துக்கு வருடம் இரட்டித்திருந்தன. போனவை பிழைத்து, திரும்பி வந்து, குஞ்சு பொரித்திருக்கின்றன. பக்கத்தின் ஓரத்தில் அவள் கையெழுத்து: ‘பிழை பரவுகிறது. இன்னும் நூறு கருவிகள் தேவை.’

ஆய்வுக்காகக் குருவி பிடித்துத் தரும் வலைக்காரர் வைரக்கண்ணு எட்டிப் பார்த்தார். "மலைக்கே கொண்டுபோயி விட்டுப் பாப்பமே, டாக்டரம்மா. மிச்சம் நாப்பத்தொண்ணுதான் கெடக்கு."

"அங்க தங்குமாண்ணே?"

"சோறு இருக்கற எடத்த விட்டு எவன் போவான்?"

கால்களில் புது வளையம் மாட்டி, வேனில் ஏற்றி, கொல்லிமலையில் திறந்துவிட்டார்கள். இலைக்கு இலை பூச்சி. குருவிகள் அள்ளித் தின்றன. திரும்பும் வழியில் கவின்மொழி ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாள்.

நான்காம் நாள் காலை வைரக்கண்ணு வலையிலிருந்து ஒரு குருவியை விடுவித்து, வளையத்தை வெளிச்சத்தில் திருப்பினார்.

"நம்ம வளையந்தான். பின்னாடி இன்னும் வருது பாருங்க." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சொன்ன சொல்லு தட்டாத புள்ளைவோ."

அவள் குருவியை வாங்கிக்கொண்டாள். உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடத்தது. மேற்கே திரும்பி நின்று கையை விரித்தாள்.

"போயிடு."

அது பறக்கவில்லை. வந்துசேர வேண்டிய இடத்துக்கு வந்துவிட்ட நிம்மதியோடு, அங்கேயே இறகைக் கோதிக்கொண்டிருந்தது.